எண்ணூறு கிலோ

ஆன்டேர் கிராமத்திலிருந்து மேலே
நான்கரை மணி நேர நடை. சாலை கிடையாது.
ஹெலிகாப்டர் ஒரு தடவைக்கு எண்ணூறு கிலோ தூக்கும்,
ஆறு தடவைக்குத்தான் கழகத்திடம் பணம்.
அதனால் இந்தக் குடிலை
வரைவதற்கு முன் நிறுத்தேன்.

லார்ச் பலகை, இதே பள்ளத்தாக்கில் அறுத்தது: இரண்டாயிரத்து நூறு.
சுவருக்குள் அடைக்க ஆட்டுமயிர், பதினெட்டு மூட்டை: முந்நூற்று அறுபது.
கூரைத் தகடு, தெற்கு ஜன்னல்,
பிறகு ஆணிகள்.
ஆணிகளை யாரும் எடையில் சேர்ப்பதில்லை.
நாற்பத்தொரு கிலோ ஆணி.

சிமெண்ட் வேண்டாம் என்றேன்.
எட்டு இரும்புத் திருகுகளை மண்ணுக்குள் முறுக்கினோம்.
ஐம்பது வருஷம் கழித்து
எவராவது எதிர்ப்பக்கம் முறுக்கினால்
இரண்டு கோடையில் புல் மூடிவிடும்.

கழகக் கூட்டத்தில்
இரண்டு மணி நேரம் மலத்தைப் பற்றியே பேசினோம்.
மரத்தூள் எவ்வளவு, சிறுநீர் எந்தக் குழாயில்,
தொட்டியை எந்த மாதம் காலி செய்வது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அந்த ஓடையைக் கீழே மூன்று ஊர் குடிக்கிறது.

அடுப்பு நூற்றிருபது கிலோ.
அடுப்பு போகட்டும், விறகு?
மரவரம்புக்கு மேலே சுள்ளி கூடக் கிடைக்காது.
அடுப்பை அடித்தேன்.
தூங்கும் உடம்பு ஒன்று எண்பது வாட்.
எட்டுப் பேர் நெருங்கிப் படுத்தால் அறுநூற்று நாற்பது,
ஆட்டுமயிர்ச் சுவர் விடியும் வரை பிடித்து வைக்கும்.
முன்பின் தெரியாத ஆட்கள்
ஒருவருக்கொருவர் கணப்பு.
கழகத்துக்கு இது பிடித்திருந்தது. கை தட்டினார்கள்.

தச்சர் லதினா கதென் மட்டும் கேட்டாள்:
"தனியாக வருகிறவனுக்கு?"

வீட்டுக்கு வந்து மறுபடி கணக்குப் போட்டேன்.
எண்பது வாட். நாற்பது கன மீட்டர் காற்று.
அக்டோபரில் அவனுக்குப் பல் கிடுகிடுக்கும்.
மூன்று வாரம் வரைபடத்தின் பக்கமே போகவில்லை.

பிறகு வடக்கு மூலையில்
ஒரு பெட்டி வரைந்தேன், ஆள் நீளம், ஆள் அகலம்,
முன்னால் கம்பளித் திரை.
எண்பது வாட்டுக்குப் போதுமான சின்ன அறை.
அதற்காக மேசையைப் பாதியாக்கினேன்,
கொடிக்கம்பத்தை எடுத்தேன்
(அதற்குத் தனியாக ஒரு கடிதப் போர்).

எடையில்லாமல் ஒன்று மட்டும் சேர்த்தேன்.
வாசலுக்கு வெளியே, அங்கேயே கிடந்த
இரண்டு நட்ட கல், மேலே ஒரு படுத்த கல்,
முதுகு உயரம்.
குனியாமல் பின்னால் சாய்ந்து
மூட்டையை அதன் மேல் விட்டுவிடலாம்.
வரைபடத்தில் "சுமைதாங்கி" என்று தமிழிலேயே எழுதியிருந்தேன்.
கூர் நகர அலுவலகத்திலிருந்து போன்:
இது என்ன எழுத்து, பிழையா?
கல் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அக்டோபர் பதினாலு.
யாரிடமும் சொல்லாமல் ஏறினேன்.
கல்லில் பையை விட்டதும்
தோள் தானாக மேலே எழுந்தது,
அவ்வளவு நேரம் அது எங்கே இருந்ததோ.
பெட்டிக்குள் புகுந்து திரையை இழுத்தேன்.
ஏழு டிகிரி. பிறகு எட்டு.
என் கணக்கு என்னைச் சுற்றி மெல்லச் சூடேறியது.
எட்டோடு நின்றுவிட்டது.

பதினோரு மணிக்கு மேல்
வெளியே ஒரு நெற்றி விளக்கு.
கல்லில் பை விழும் சத்தம், ஒரு பெருமூச்சு,
கதவு.
எந்த மொழியில் வணக்கம் சொல்வது என்று
இரண்டு பேரும் தயங்கினோம்,
யாரும் சொல்லவில்லை.
ஈர சாக்ஸ் மாட்ட அவர் இடம் தேடினார்.
ஒரு கொக்கி கூட இல்லை.
நாற்பத்தொரு கிலோ ஆணியில்
ஒன்று கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை.
கடைசியில் என் திரைக்கம்பியில் தொங்கவிட்டார்.

விடிகாலையில் பார்த்தேன், பத்தரை டிகிரி.
அவர் போய்விட்டிருந்தார்.
குறிப்பேட்டில் அவர் கையெழுத்து, ஜெர்மனில்:
தெற்கு ஜன்னல் ஒழுகுகிறது.
கீழே நான் சேர்த்தேன்:
கொக்கி, எட்டு.
எடை, அரைக் கிலோ.
நானே சுமந்து வருகிறேன்.