பதினைந்து நொடிக் காற்று

குளிரைக் கிலோவாட்டில் அளப்பவள் நான்.
மரினா பே கண்ணாடிக் கூடத்துக்குக் கீழே
நான்கு சில்லர்களின் இரைச்சலுக்கு நடுவே
எனக்கொரு நாற்காலி, ஒரு திரை,
யாரோ விட்டுப்போன மைலோ டின்.
வெளியே முப்பத்துமூன்று பாகை.
மேலே, கப்பலேறி வந்த செர்ரி மரங்களுக்கு
இன்னும் பனிக்காலம் முடியவில்லை என்று
இரவெல்லாம் பொய் சொல்ல வேண்டும்.
பிறகு ஒரு திங்கட்கிழமை
இரண்டு பாகை கூட்டி
'சரி, வந்துவிட்டது' என்க வேண்டும்.

நம்பிவிட்டன.

வாடகைக் கிமோனோவில் பெண்கள்,
முக்காலி தூக்கிய அங்கிள்கள்,
மரத்துக்கு முதுகு காட்டிச் சிரிக்கும்
ஒரு முழுத் தீவு.
நானும் எடுத்துக்கொண்டேன் ஒன்று, மறைப்பானேன்.
பூவைவிட என் வாக்கி-டாக்கிதான்
தெளிவாக விழுந்திருந்தது.

குரோடா என்று ஒருவர்.
ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் வருவார்.
துணித்தொப்பி. மடியில்
நீலத் துணியில் முடிந்த சோற்றுப்பெட்டி.
உணவுக்கு அனுமதியில்லை என்ற பலகைக்கு நேரெதிரே
அதைத் திறக்காமல்
மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.
ஆறாம் நாள்
வடிகட்டி மாற்றப் போன என்னை நிறுத்தினார்.
"எல்லாம் சரி" என்றார், தம் ஆங்கிலத்தில்.
"காற்று எங்கே?"

ஏசியைச் சொல்கிறாரென்று
கூரைத் துளைகளைக் காட்டினேன்.
இல்லையெனத் தலையாட்டி
உள்ளங்கையைச் சாய்த்து விரல்களை உதறி
எதையோ எங்கேயோ அனுப்பிவைத்தார்.
அவர் ஊர் ஆற்றோரப் பூங்காவில்
பூத்ததைப் பார்க்க அல்ல,
போவதைப் பார்க்கத்தான் பாய் விரிப்பார்களாம்.
அவர் சொன்னது.
நான் சரிபார்க்கவில்லை.

ஆனால் அன்று முழுக்கக் கவனித்தேன்.
என் கூடத்தில் இதழ் நேராக விழுகிறது,
ஏடிஎம்மிலிருந்து ரசீது வருவதுபோல.
விழுந்த இடத்திலேயே கிடக்கிறது
ஆ ஹுவா அக்கா துடைப்பத்தோடு வரும்வரை.

கடைசி நாள் அவர் மாலையில் வந்தார்.
மூடப் பத்து நிமிடம்.
கூட்டம் வடிந்துவிட்டது.
ஹஃபிஸ் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தான்.
திரையில் விசிறி ஏழு, எட்டு, ஒன்பது.
முப்பது விழுக்காட்டிலிருந்து நூறு.
ஒரு விரல் போதும்.

கேமராவில்தான் பார்த்தேன்,
சத்தமில்லாமல், கறுப்பு வெள்ளையில்.
முதலில் தொப்பி போனது.
அப்புறம் மரம் ஒருமுறை மூச்சிழுத்து
விட்டது.
திரை முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகள்,
கெட்டுப்போன தொலைக்காட்சிபோல.
அதற்குள்ளே எங்கோ அவர்
தொப்பியைத் தேடவில்லை.
நீல முடிச்சை அவிழ்த்தார்.
பெட்டியைத் திறந்தார்.
ஒரு வாய்.
ஒரே ஒரு வாய் சாப்பிட்டு மூடிவிட்டார்.

இரண்டு மாடி இடைவெளியில்
ஒரே நேரத்தில் இரண்டு விதிகள்.

"இதென்ன?" என்றார் மேற்பார்வையாளர் தேவசகாயம்,
வரைபடத்தில் செங்குத்தாக நின்ற கோட்டைத் தொட்டு.
"சோதனை ஓட்டம் சார்."
ஆ ஹுவா அக்கா மட்டும்
மூன்று பை நிறைந்ததாகச் சொல்லி
என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தெம்பினிஸில் இறங்கியபோது மழை விட்டிருந்தது.
சாலையோர ட்ரம்பெட் மரங்கள்
எவர் கணக்கிலும் வராத மின்சாரத்தில் பூத்து
நிறுத்தத்துக் கூரைமேல், சைக்கிள் கூடையில்,
வடிகால் கம்பிகளில் கொட்டிக் கிடந்தன.
பேருந்தின் வைப்பர்
இளஞ்சிவப்பை இந்தப் பக்கம் தள்ள
காற்று அதை அந்தப் பக்கமே போட்டது.
ஓட்டுநர் பொருட்படுத்தவில்லை.
ஏறினவர்கள் கைப்பேசியில் இருந்தார்கள்,
என் செர்ரிப் பூக்களை
விரலால் பெரிதாக்கிக்கொண்டு.

விழுந்த பூவுக்குத் தமிழில்
ஓரெழுத்தில் ஒரு சொல் உண்டு: வீ.
உயர்நிலை மூன்றில்
ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது.
எங்கள் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
'கழிவு, கிலோவில்' என்றுதான் இருக்கிறது.

நிரப்பினேன்.
பதினொன்று புள்ளி நான்கு.