இருசக்கர வாகனம் பத்து ரூபாய்

தர்மபுரியில் ஒரு படம் தேறாது என்றால்
முதலில் தெரிவது எனக்குத்தான்.
இடைவேளையிலேயே வந்து வண்டியைக் கேட்பார்கள்.
அந்த வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு
பதினோரு பேர் கேட்டார்கள்.
மற்றவர்கள் எழுந்திருக்கவே இல்லை.
முறுக்குத் தட்டோடு திரும்பி வந்த பச்சையப்பன் சொன்னான்:
"பாதிப் பேரு திட்டறான், பாதிப் பேரு கண்ணைத் தொடைக்கறான்,
ஒருத்தனும் திங்க மாட்டேங்கறான்."

வெண்கலக் கழுகு.
மூன்று பாகம் வந்து முடிந்த கதை.
இப்போது மறுபடி முதலிலிருந்து.
புது முகம், புது அம்மா,
நெஞ்சில் இருந்த தகதகப்பு போய்
புளி போட்டுத் துலக்காத சொம்பு மாதிரி ஒரு கறுப்பு.

பழையவன் ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்தினவன்.
அன்றைக்குத் திரைக்கு முன்னால் சூடம் கொளுத்தி
மேனேஜர் தீயணைப்பு வாளியோடு ஓடினார்.
புதியவனோ
மலைச்சரிவில் பிரேக் போன ஒரு பஸ்ஸுக்கு
நாற்பது நொடி தாமதமாக வந்து சேர்கிறான்.
அவ்வளவுதான் தகராறு.

"லேட்டா வர்றதுக்கு எதுக்குடா றெக்கை?
டவுன் பஸ்ஸுலயே வந்திருக்கலாமே"
என்றான் மாதேசு,
பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவன்.
டிக்கெட், பெட்ரோல், ஒரு நாள் கூலி
எல்லாவற்றையும் கூட்டி என்னிடம் கணக்குக் காட்டினான்,
நான்தான் படம் எடுத்தவன் போல.

பின்னால் ஏற வேண்டிய சுகந்தி ஏறவில்லை.
"நல்லாத்தான் இருந்துச்சு.
அந்தப் பொம்பள அவனை அடிக்கிற எடம்."
"கழுகை ஒருத்தி செருப்பால அடிக்கிறா.
அது நல்லாருக்கா உனக்கு?"
"ஆமா."
நாலு ரோடு வரை அவள் நடந்தே போனாள்.
வண்டி முதல் கியரில்
பக்கத்திலேயே முனகிக்கொண்டு போனது.

கல்லூரிப் பையன்கள் மதில்மேல் ஏறி வாதாடினார்கள்.
ஒரு சட்டை கிழிந்தது.
விலக்க வந்த போலீஸ்காரர்
"பழசுதான்டா கெத்து" என்று சொல்லிவிட,
மறுபடி மூண்டது.

பஞ்சர் கடை அன்சாரின் மகன்
ஜிகினாத் தாள் ஒட்டிய இறக்கையோடு வந்தவன்,
திரும்பும்போது ஒன்றும் பேசவில்லை.
சனிக்கிழமை மறுபடி வந்தான்.
ஜிகினாவின் மேல் டயர்க் கரி பூசியிருந்தது.

தீர்த்தகிரி மூன்று நாள் வந்தார்.
நூற்றெட்டு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்,
தொப்பூர் கணவாய்ப் பக்கம், ராத்திரி ஷிப்ட்.
தூங்க வேண்டிய மேட்னி நேரத்தில் வருவார்,
வண்டியை வெளியே பார்த்து நிறுத்துவார்.
மூன்றாம் நாள் கேட்டேன்,
"அப்படி என்ன இருக்கு அதுல?"

டோக்கனை ஒவ்வொரு பையாகத் தேடினார்.
"பஸ்ஸு கவுர்றது தப்பு.
அந்த வளைவுல வலப்பக்கம் சாயாது,
இடப்பக்கந்தான்."
ஸ்டாண்டை எடுத்தார். உதைத்தார். பிடிக்கவில்லை.
"ஆனா, வந்து எறங்கினதும்
கையை எங்க வெக்கிறதுன்னு தெரியாம நிக்கறான் பாரு,
அது சரி."
மறுபடி உதைத்தார்.

வியாழக்கிழமை இரவு படத்தை எடுக்கிறார்கள்.
கடைசிக் காட்சி, உள்ளே இருபது பேர் இருக்கலாம்.
பக்கத்துக் கதவைத் திறந்து
திரைச்சீலையை விலக்கினேன்.
மழை. ஹெட்லைட்.
பஸ் வளைவுக்குள் நுழைகிறது.
யாரோ ஒருவன் விசிலடிக்கிறான்,
யாரோ "உஷ்" என்கிறார்கள்.
அதற்குள் வெளியே ஹாரன்,
விடாமல் ஒரே ஹாரன்.

ஓடினேன்.
"எங்கய்யா போயிட்ட? எவ்வளவு நேரம் நிக்கிறது?"
இடைவேளை தாண்டி இவ்வளவு நேரம் பொறுத்தவன்
இப்போது எதற்குக் கிளம்புகிறான் என்று கேட்கவில்லை.
நாற்பத்தேழாம் நம்பர், கறுப்பு ஸ்ப்ளெண்டர்.
சங்கிலியை அவிழ்த்து வழிவிட்டேன்.
உள்ளே அந்தச் சத்தம் கேட்டது.

எந்தப் பக்கம் சாய்ந்தது என்று
இன்னும் எனக்குத் தெரியாது.