உரிமையாளர் தங்கும் அறை

பதினேழாவது கேள்வி வரைக்கும்
படிவம் ஒழுங்காகத்தான் போனது.

பெயர் கோகிலவாணி.
ஒடையகுளத்துக்கு அக்கட்டால, வாய்க்கால் தாண்டித் தென்னந்தோப்பு.
மின் இணைப்பு இன்னும் மாமனார் பேரில்.
அவர் போய் ஒன்பது வருசம்.
ரெண்டு மாசத்துக்கொருக்கா
கரண்ட் பில் மட்டும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும்.

யாஸ்மின் கேட்கக் கேட்க நான் சொன்னேன்,
அவள் தட்டினாள்.
கழிப்பறை மூன்று. தீயணைப்பு உருளை ஒன்று,
இன்னும் பாலித்தீன் உரிக்காதது.
வாசலில் கேமரா. அதில் பாதி நேரம் மயில்தான்.
போலீஸ் சான்றுக்கு நாலு நடை.
அங்கே ஒருத்தர் கேட்டார்:
"சோடியா வந்தா என்ன பண்ணுவீங்?"
"சோறு போடுவேனுங்."

உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும்.
ஆம், என்றேன்.
எந்த அறை?
யாஸ்மினின் விரல் எழுத்துகளுக்கு மேலே நின்றது.

மூன்று அறை எங்கள் வீடு.
கிழக்கு அறையில் மலை தெரியும்,
அதற்கு முன்னூறு ரூபாய் கூட.
நடு அறையில் மகனின் பழைய கட்டில்.
தெற்கு அறை குழந்தையோடு வருகிறவர்களுக்கு.
வால்பாறை ஏறுவதற்கு முந்தின ராத்திரி,
மாசாணியம்மன் கோயில் அமாவாசை,
டாப்சிலிப் ஆனை பார்க்கிற கூட்டம்:
மூன்றும் நிறைந்துவிட்டால் எனக்குக்
கொப்பரை ஷெட்டில் பாய்.
மழை நாளில் மோட்டார் ரூம்.

"கிழக்குன்னு போடு கண்ணு," என்றேன்.
போட்டாள்.

அடுத்த வாரம் டேப்போடு வந்தான் ஒரு தம்பி,
கோபிப் பக்கத்துப் பேச்சு.
அறை அறையாக அளந்தான். இளநி வேண்டாமென்றான், பிறகு குடித்தான்.
கிழக்கு அறை பீரோவைத் திறந்தான்.
வெறும் ஹேங்கர் ஆறு.
"உங்க துணிமணி எங்கீங்க்கா?"

நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.
ஷெட்டைத் தாண்டித்தான் அவன் வண்டி நின்றது.
சுருட்டின பாய், தலகாணி,
பிரசர் மாத்திரை அட்டை, என் கண்ணாடி,
கொசுவத்திச் சாம்பல் ஒரு கொட்டாங்குச்சியில்.
பார்த்தான்.
பேனா மூடியைத் திறந்தான், மூடினான்.
"ஒரு ரூமை உங்களுக்குன்னு எடுத்து வையுங்க.
இல்லீனா பதிவு ஆகாதுங்க.
சட்டமுங்க."

சட்டம்!
கட்டி வந்த நாளில் மாமியார் வாயிலிருந்தோ
பாகம் பிரிக்கையில் கொழுந்தனார் வாயிலிருந்தோ
வராத வார்த்தையை
ஒரு டேப்புக்காரத் தம்பி ஹெல்மெட் மாட்டிக்கொண்டே சொன்னான்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன், பொய் சொல்வானேன்.
வாரத்துக்கு ரெண்டு ராத்திரி, ராத்திரிக்கு ஆயிரத்து எண்ணூறு.
அதை ஐம்பத்திரண்டால் பெருக்கும்போதே
வயித்தைக் கலக்கியது.
தெற்கு அறையை எடுத்துக்கொள்ளலாமா,
மலை தெரியாத அறைதானே, எனக்கெதற்கு மலை.
ஆனால் படிவத்தில் கிழக்கு.
திருத்தம் செய்ய மறுபடி கட்டணம்,
மறுபடி ஓடிபி. அது எங்கள் தோப்பில்
தண்ணித்தொட்டி மேலே ஏறினால்தான் வரும்.
கிழக்கே இருக்கட்டும்.

சனிக்கிழமை கரூரிலிருந்து போன்.
"மூணு ரூமும் வேணுமுங்."
"ரெண்டுதானுங் இருக்குது."
"போர்டுல மூணுன்னு..."
"ஒண்ணுல ஆள் இருக்குதுங்."

வருகையாளர் பதிவேட்டில் எல்லோரையும் எழுதி முடித்து
கடைசியில் என்னையும் எழுதினேன். விளையாட்டுக்குத்தான்.
எங்கிருந்து: கொப்பரை ஷெட்.
வந்த நோக்கம் என்ற கட்டத்தில்
ரொம்ப நேரம் யோசித்து
தூக்கம் என்று போட்டேன்.

தூக்கம் வரவில்லை.
ஃபேன் சுற்றும்போதெல்லாம்
டக், டக், டக், அப்புறம் ஒரு இழுப்பு.
போன வருசம் ஒரு ஈரோட்டுக்காரர்
மூன்றே மூன்று நட்சத்திரம் போட்டு இதைத்தான் எழுதியிருந்தார்.
எகத்தாளம் பிடித்த மனுசன் என்று
ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

விடிந்ததும் முதல் வேலையாக
எலக்ட்ரீசியன் மருதாசலத்துக்கு போன் போட்டேன்.
"எந்த ரூமுங்க்கா?"
"என்ற ரூமு."
"அதெதுங்?"