நாற்பது கிலோ

இரவு ஒன்பதரைக்குப் புவிராஜ் கூப்பிட்டான்.
"அக்கா, தராசு நாப்பது கிலோ கூடச் சொல்லுது."

ஹட்டனில் டயர் கடைக்கு மேல்மாடி.
ஒரு மேசை, ஒரு பிரிண்டர், ஒழுகும் ஒரு மூலை.
இதுதான் எங்கள் எல்லைச் சாவடி.
இந்த நாட்டு லொறிக்கு எல்லை என்றால் கடல்,
கடல் தொடங்குவதோ
படிவத்தில் நான் எடையை எழுதும் கட்டத்தில்.

காலையில் தொழிற்சாலைக்காரர் சத்தியசீலனிடம்
மூன்று வழி சொல்லியிருந்தேன்.

அதிகாரியை மலைக்கே வரவழைக்கலாம்.
இங்கேயே திறந்து பார்த்து, பூட்டி, முத்திரை போடுவார்.
கப்பல் வரை பிறகு யாரும் தொடமாட்டார்கள்.
வான் கூலி, மேலதிக நேரம், பகல் சோறு
எல்லாம் நம் கணக்கு.
ஆனால் அதற்குக் கொள்கலன் வேண்டும்,
கொள்கலன் நம் லயத்து வளைவில்
மூன்று தரம் பின்னுக்கு எடுத்து
நாலாவது தரம் மதகை உடைக்கும்.

இல்லை, தார்ப்பாய் போட்ட லொறியில்
கொழும்புக்கு இறக்கலாம்.
அங்கே எண்ணுவார்கள், நிறுப்பார்கள்,
ஏதோ ஒரு மூட்டையைக் கம்பியால் குத்துவார்கள்.
சிவப்பா பச்சையா என்று கணினி சொல்லும்.
சிவப்பென்றால் மூன்று நாள்.

அதுவும் வேண்டாமா,
கலவைக்காரனுக்கே விற்றுவிடலாம்.
பத்திரம் அவன் பாடு, வரிசை அவன் பாடு.
தேயிலை போய்ச் சேரும்,
பெட்டியின் மேல் நம் தோட்டத்துப் பெயர் மட்டும் இருக்காது.

மூன்றாவதில் அவர் கொஞ்ச நேரம் நின்றார்.
மூச்சு மட்டும் கேட்டது.
"தார்ப்பாயே போகட்டும் பிள்ளை."

ஆறாயிரம் கிலோ. என் கையால்தான் எழுதினேன்.
இப்போது இந்த நாற்பது.

மூட்டை எண்ணச் சொன்னேன். நூற்றிருபது, சரி.
"கிளீனர் உள்ளுக்குத் தூங்குறானா?"
"ரிஸ்மி இந்தா என் பக்கத்துல டீ குடிக்கிறான்."
ஸ்டெப்னி ஏற்றும்போதும் இருந்தது.
டீசல் குறைந்துதானே இருக்கவேண்டும்.

வீரக்கோன் மாத்தையா ஃபோனை வாங்கி
பொறுமையாக, பாதி சிங்களத்தில், சொன்னார்:
பத்திரத்தைத் திருத்தலாம்.
கையொப்பம் நாளை மறுநாள்.
(கப்பல் நாளை.)
கூடினதை இறக்கி வைத்துவிட்டுப் போகலாம்.
(எந்த மூட்டையிலிருந்து?)
விளக்கக் கடிதம் தரலாம்.

எழுத உட்கார்ந்தேன்.
"மேற்படி எடை வித்தியாசமானது"
அதற்கு மேல் பேனா போகவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
முகில் இறங்கி, எதிர்த்த பேக்கரியின் பலகையில்
பாதிப் பெயரைத் தின்றிருந்தது.
கதவில் மாட்டிய என் ரெயின்கோட்
காலையிலிருந்து இன்னும் சொட்டுகிறது.

"புவி, வட்டவளையில மழையா?"
"கினிகத்தேனை தாண்டியும் வைப்பர் நிக்கலயே."
"மேல போட்டிருக்கிறது ரப்பரா, கித்தானா?"
"பழைய கித்தான்க்கா. ரெண்டு."
"ஏத்தும்போது?"
"காஞ்சு கெடந்துச்சு."

பிறகு அவன் பேசவில்லை.
ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டான் போல.
கயிறு உரசுவது கேட்டது.
யாரோ யாரையோ ஏசினார்கள்.
"இழு, ரிஸ்மி, அந்தக் கோணத்தப் பிடி."
அதன் பின்
சீமெந்துத் தரையில் தண்ணீர்,
ஒரு வாளி அல்ல,
ஒரு பீலியைத் திறந்துவிட்ட மாதிரி.

நூறு கிலோமீட்டர் சுமந்துபோன எங்கள் மழை
அங்கே இறங்கி ஓடியது.
அதற்கு யாரும் குறியீடு கேட்கவில்லை.
வரியும் இல்லை.

பத்தேகாலுக்கு ரசீதின் படம் வந்தது.
மீள் நிறுவை, ஆயிரத்து இருநூறு ரூபாய்.
காரணம் என்ற கட்டத்தில்
வீரக்கோன் மாத்தையா ஒரே சொல்தான் எழுதியிருந்தார்:
வெஸ்ஸ.

பாதிக் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில்
சத்தியசீலனுக்குச் செலவுக் கணக்கு போட்டேன்.
லொறிக் கூலி. தராசு. சாப்பாடு இரண்டு.
கடைசி வரியில்
மழை, ஆயிரத்து இருநூறு.
அவர் கேட்டால் ரசீது இருக்கிறது.