ஒன்றரை வேர்

கோதுமைக் குதிருக்குப் பக்கத்தில்
வண்டி வந்து நின்றுவிட்டது.
கால்பந்து மன்றத்துச் சமையலறையிலிருந்து
மின்சாரம் இழுத்துக் கொடுத்தோம்.
அங்கே குளிர்பெட்டியைப் பிடுங்கினால்தான்
இங்கே பல் கடையும் எந்திரம் சுழலும்.
வருஷத்தில் ஒன்பது நாள்
எங்கள் ஊர் பீர் வெதுவெதுப்பாக இருக்கும்.
யாரும் குறை சொல்வதில்லை.

பட்டியல் என்னிடம்.
தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள் நான்;
இந்த வேலையை யார் என் தலையில் கட்டினார்கள் என்று
நினைவில்லை.
நீல மை என்றால் வலி.
சிவப்பு என்றால் வீக்கம்.
பென்சிலில் இருப்பவர்கள்
"அவசரமில்லை, பார்த்துக்கலாம்" என்றவர்கள்.
அவர்களைத்தான் முதலில் கூப்பிடவேண்டும் என்று புரிய
எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

நகரத்து மருத்துவமனை
இருநூற்றுப் பத்து கிலோமீட்டர்.
கங்காரு குறுக்கே பாயாமல் போய்ச் சேர்ந்தாலும்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்
பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளும்.
பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம்தான்.
கடிக்கப் பல் வேண்டுமே.

சிட்னியிலிருந்து டெஸ்மண்ட் க்ராலிக்கு வந்த கடிதத்தை
நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
"தங்கள் முறை வந்துவிட்டது."
நான்கு வருஷம், இரண்டு மாதம்.
கொட்டகைக்குள் போனவர்
புகையிலை டப்பாவோடு திரும்பினார்.
உள்ளே ஒரு கடைவாய்ப்பல்,
பழுப்பேறி,
மேலே வேலிக் குறட்டின் பல்தடம்.
"பிடுங்கின அன்று மழை" என்றார்.
"அதனால்தான் தேதி ஞாபகம்."

இன்று சவரம் செய்துகொண்டு
வரிசையில் நிற்கிறார்.
முன்னால் ஏழு வயது இசோபெல்:
வேலை முடிந்தும் இறங்க மறுக்கிறாள்.
மேலும் கீழும் போகும் நாற்காலியை
அவள் பார்த்ததில்லை.
இன்னொரு தடவை, இன்னொரு தடவை.
மருத்துவர் மிதியை அழுத்துகிறார்.
நிலூஃபர் சதாத், படிப்பு முடிந்து எட்டு மாதம்,
காலணியில் எங்கள் செம்மண்.

டெஸ்மண்ட் வாயைத் திறக்கவில்லை.
டப்பாவைத் திறந்தார்.
"என் முறையை வீணாக்க மனசில்லை, டாக்டர்.
இதைப் பார்த்துவிட்டு
பெயரை அடித்துவிடுங்கள்."

அவள் அதை விளக்கடியில் திருப்பினாள்,
கல் வாங்க வந்தவள் மாதிரி.
"கீழ்ப்பல். இதற்கு இரண்டு வேர்.
இங்கே ஒன்றரைதான் இருக்கிறது.
மீதி உங்களிடம்.
உட்காருங்கள்."

நான்கு வருஷமாகக்
காது வலி என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர்
தொப்பியைக் கழற்றினார்.

பத்தாம் நாள் காலை வண்டி கிளம்பியது.
குளிர்பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது;
கம்பியில் உட்கார்ந்திருந்த ரோஸ் நிறக் கிளிகள்
எழுந்து, ஒரு சுற்று வந்து, அங்கேயே அமர்ந்தன.
மிச்சம் பதினேழு பெயர்.
புது நோட்டில் எல்லாவற்றையும்
மையிலேயே எழுதினேன்.
பதினெட்டாவதாக ஒன்று,
பென்சிலில்.