அடிவயிற்றுத் தகடு

அல்வானியில் மழை.
மால்காஸின் பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.
பதினோரு வருடம் இதன் மேல் உட்கார்ந்து
அபானோ கணவாயை ஏறி இறங்கியவள்
இன்றுதான் அதன் அடிவயிற்றை
அண்ணாந்து பார்க்கிறேன்.

எண்ணெய்த்தொட்டி
ஒரு ரொட்டி அச்சு அளவுதான்.
மூலையில் பற்றவைத்த வடு.
வடுவின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம்
பச்சைச் சோப்பு.

போன செப்டம்பர்.
நான்காவது ஓடை.
பெரிய சத்தம் ஒன்றும் இல்லை,
கதவை விரல் மடக்கித் தட்டியது போல
ஒரு முறை.
பிறகு சிவப்பு விளக்கு.
பிறகு தண்ணீரின் மேல்
வானவில் போகிற வேகத்தில் என் மாதத் தவணை போனது.

ஆடுகளோடு வந்த இலோ
பையிலிருந்து துணி சோப்பை எடுத்து
உமிழ்நீர் விட்டுப் பிசைந்து
விரிசலில் அப்பினான்.
ஊற்ற எண்ணெய்?
பின் இருக்கையில் நதேலா, ஆட்டு வைத்தியர்,
குளிர்காலத்துக்கு வாங்கிய சூரியகாந்தி எண்ணெய்,
ஐந்து லிட்டர், மூடி திறக்காதது.
என்னைப் பார்த்தாள். கேனைப் பார்த்தாள்.
கொடுத்தாள்.
மலை இறங்கும் வரை
வண்டிக்குள் வடை சுடுகிற வாசம்.
யாரும் சிரிக்கவில்லை,
பசித்தது என்பதைத் தவிர வேறு பேச்சும் இல்லை.

இப்போது சுவரில் சாய்ந்து நிற்கின்றன
இரண்டு தகடுகள்.
எஃகு, நான்கு மில்லி, முப்பத்தொரு கிலோ.
அலுமினியம், ஆறு மில்லி, பதின்மூன்று.
மால்காஸ் ஸ்பானரால் தட்டிக் காட்டுகிறான்.
ஒன்று மணி.
மற்றது மரப்பலகை.
"எஃகு கல்லின் மேல் வழுக்கிப் போகும்.
அலுமினியத்தைக் கல் கடிக்கும், விடாது.
ஆனால் துருப்பிடிக்காது. உன் இஷ்டம்."

போனில் தொர்னிகே. என் தம்பி.
பாதி வண்டி அவனுடையது, பாதிக் கடனும்.
"பதினெட்டு கிலோ வித்தியாசம் அக்கா,
ஒரு தோல்பைப் பாலாடைக்கட்டி.
ஒவ்வொரு நடையும் ஒரு தோல்பையைச்
சும்மா சுமப்பாயா?"

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள்.
என் மடியில் ஒன்றும் இல்லை.
பயம் நான்காவது ஓடையில் இருக்கிறது.

நான் கேட்டேன்:
எண்ணெய் மாற்ற ஓட்டை எங்கே?
இல்லையென்றால் ஒவ்வொரு முறையும்
எட்டு போல்ட் கழற்றி நீ காசு கேட்பாய்.
சேறு உள்ளே தங்கினால்?
என்ஜின் மூச்சு விடுவது எப்படி?
மேலிருந்து விழுகிற கல்
எந்த வழியாக வெளியே வரும்?
மால்காஸ் மூக்கைச் சொறிந்தான்.
"இவ்வளவு யாரும் கேட்டதில்லை.
எல்லோரும் விலை கேட்பார்கள்,
பிறகு நிறம்."

நிறமா?

வண்டியின் முன்பக்கம் போனேன்.
அங்கே தொர்னிகேயின் குரோம் குழாய்ச் சட்டம்,
நான்கு மஞ்சள் விளக்கோடு.
பயணிகள் அதன் முன் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள்.
இதுவரை அது தடுத்தது
ஒரு கோழியை.
அதுவும் பிழைத்துக்கொண்டது.
"இது எத்தனை கிலோ?"
மால்காஸ் தராசில் வைத்தான்.
பத்தொன்பது.

போனை மெதுவாகக் கீழே வைத்தேன்,
தம்பி இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

எஃகுதான். ஓட்டை போட்டு,
பின்னால் மூன்று நீளத் துளை வெட்டி,
உள்பக்கம் இரண்டு பூச்சு.
குழாய்ச் சட்டம் பட்டறை மூலையில் நிற்கிறது,
மழைநீர் சொட்டி மின்னுகிறது,
தொர்னிகே வந்து பார்த்து
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
மூன்றாம் நாள்
அதை விற்கலாமா என்றான்.

ஜூன் பத்தொன்பது. நான்காவது ஓடை.
கீழே நெடுக ஒரு உரசல்,
பல்லால் தகரத்தைக் கீறுவது போல.
விளக்கு எரியவில்லை.
முன் இருக்கையில் நதேலா,
மடியில் புதிய எண்ணெய்க் கேன், நான் வாங்கித் தந்தது.
இரண்டு கையாலும் அதை இறுக்கிக்கொண்டாள்.

ஆனால் அதற்குப் பிறகு
ஒவ்வொரு திருப்பத்திலும்
கடகட, கடகட.
ஓமாலோ வந்ததும் மல்லாந்து படுத்து
நீளத் துளைக்குள் விரல் விட்டேன்.
அக்ரோட்டுக் கொட்டை அளவு ஒரு கல்
வழி தெரியாமல் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.
எடுத்தேன்.
சூடாக இருந்தது.