இரண்டு புளொக் கல்

பன்னிரண்டு தாண்டியதும் வரும்.
முதலில் நாக்கடியில் ஒரு புளிப்பு,
பிறகு இருமல்,
பிறகு மூச்சுக்குள் யாரோ
சன்னமாய் விசில் ஊதுவார்கள்.

ஸ்டோரில் சலிக்கிற இடத்தில்
பதினொரு வருஷம் நிற்கிறேன்.
தூள் என்றார்கள்.
பனி என்றார் மாமியார்.
நீல நிறத்தில் பம்ப் ஒன்று தந்தார்கள்,
இழுத்து இழுத்துக் கை நடுங்கியதுதான் மிச்சம்.

லயத்துச் சுவருக்குக் காது மட்டும்தான்.
அடுத்த காம்பராவில் பரிமளகாந்தியின் பையன்
என் இருமலில் எண்கள் படித்தான்.
"அக்கா, நேத்து அறுபத்திரண்டு."

டிக்கோயாவில் அந்தச் சிங்கள டொக்டர்
நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.
பிறகு நெஞ்சைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு?
ஷிப்ட் விட்டு பத்தரைக்கு.
என்ன?
ரொட்டி, கட்டச்சம்பல், சாயத்தண்ணி.
பிறகு?
படுப்பேன். ஐந்து மணிக்குப் பைப்படியில்
வரிசை பிடிக்க வேண்டியவள்
பிறகு என்ன செய்வேன்?

துண்டுச்சீட்டின் பின்பக்கம் ஒரு பை வரைந்தார்,
பையின் வாயில் ஒரு கதவு.
கதவு சரியாய்ச் சாத்துவதில்லையாம்.
நான் சாய்ந்ததும் புளிப்பு மேலே வந்து
காற்றுப் போகிற வழியில் இடறுகிறதாம்,
ஒரு துளி போதும்,
மூச்சுக்குழாய் பயந்து சுருங்கிக்கொள்ளும்.
"தூளும் இருக்கும்," என்றார்,
"ஆனா இது கீழ இருந்து வாறது."

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.
எங்கள் மலையில் தண்ணீர் இறங்கும், மண் இறங்கும்,
மழைக்காலத்தில் வீடும் இறங்கும்.
ஏறுவது கொழுந்து சுமக்கிற பெண்கள்தான்.
எனக்குள்ளும் ஒன்று
இத்தனை நாள் இருட்டில் ஏறியிருக்கிறது,
பேர் போடாமல்.

கட்டிலின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னார்.
அத்திவாரத்தோடு நின்ற வீட்டுத்திட்டத்திலிருந்து
யோகராசா இரண்டு புளொக் கல் தூக்கி வந்தார்.
எங்கள் பேருக்கு எழுதிய வீட்டில்
இதுவரை கைக்கு வந்தது அவ்வளவுதான்.

இப்போது தூக்கத்திலும் சரிவு.
விடியும்போது அவர் கால்
சுவரில் முட்டிக்கொண்டிருக்கும்,
வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.
நான் ஏழு மணிக்கே
சாக்குகளுக்குப் பின்னால் நின்று ரொட்டியை விழுங்குகிறேன்,
சுப்பவைசர் கண்ணில் படாமல்.
மெதுவாய்ச் சாப்பிடச் சொன்னார் டொக்டர்.
அவருக்கென்ன.

மூன்று வாரமாகிறது.
இன்று காலை பைப்படியில்
பல் தேய்த்துக்கொண்டே பையன் சொன்னான்:
"அக்கா, நேத்து பதினாலு.
அதுக்குப் பொறகு நான் தூங்கிட்டேன்."